வசுவாழியின் ஆறு கவசங்கள்

ஜனவரி 8, திங்கள்

காலை 11.40க்கு எங்கள் மனு எண்ணைக் கூப்பிட்டார்கள். பதினான்கு வருடமாக இதே குடும்ப நல நீதிமன்றத்தில் செய்தி சேகரிப்பவன் என்பதால், கை தானாகக் குறிப்பேட்டை எடுத்து "மனுதாரர் அறவாழி (46), நாளிதழ் நிருபர்" என்று எழுதிவிட்டது. அதற்குப் பிறகுதான் எழுந்து நிற்க வேண்டியவன் நான் என்று உறைத்தது. டவாலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பரஸ்பர சம்மதம். ஜூலை 10 அன்று மறுபடி வந்து, இருவரும் அதே முடிவில் இருப்பதாகச் சொன்னால் விவாகரத்து. யாராவது ஒருவர் மாட்டேன் என்றால் கிடையாது. காரணம்: கருத்து வேறுபாடு. வசுமதி வேறு ஒரு சொல் சொன்னாள். வழக்கறிஞர் அதை மனுவில் சேர்க்கவில்லை.

குளிர்பெட்டியும் ஸ்கூட்டரும் அவளுக்கு. அலமாரியும் வாஷிங் மெஷினும் புத்தகங்களும் எனக்கு. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒன்றில் மட்டும் உடன்பாடு இல்லை: வசுவாழி.

ஜனவரி 10, புதன்

ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

ஏழரண் என்பது இணையத்தில் பல நாட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் ஆடும் விளையாட்டு. அதில் வேல் ஏந்திய ஒரு போர்வீராங்கனையை நானும் வசுமதியும் ஒரே கணக்கில் ஒன்பது வருடமாக வளர்த்தோம். மற்ற வீடுகளில் நாய் வளர்ப்பார்கள். பெயர், எங்கள் இருவர் பெயரையும் வெட்டி ஒட்டியது.

அவளுக்கு ஆறு கவசங்கள்: தலை, தோள், மார்பு, கை, இடுப்பு, கால். ஆறும் ஒரே தொகுப்பைச் சேர்ந்தவையாக இருந்தால் பாதுகாப்பு இரட்டிப்பாகும். ஒன்று மாறினாலும் போயிற்று. 'இரும்புமலை' தொகுப்பின் ஆறு கவசங்களைச் சேர்க்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. வசுமதி என்ன செய்வாள்? மயில் தலைக்கவசத்தை எடுத்து, மீனவர் இடுப்புப்பட்டையோடு சேர்த்து, கீழே யாரோ ஒரு மந்திரவாதியின் செருப்பைப் போட்டுவிடுவாள்.

"செத்துடுவா" என்பேன்.

"அழகா சாவா" என்பாள்.

ஒன்பது வருடமாக இந்த வாக்குவாதம். கணக்கை இரண்டாகப் பிரிக்க முடியாது, கவசங்களை வேறு கணக்குக்கு மாற்றவும் முடியாது என்று விளையாட்டு நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. ஆகவே இன்று மாலை உறையூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஒப்பந்தம் எழுதினேன். ஒன்று: திங்கள், புதன், வெள்ளி எனக்கு; செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு; ஞாயிறு நடை சாத்தல். இரண்டு: தன் நாளில் எந்தக் கவசமும் போடலாம், எதையும் விற்கக்கூடாது. மூன்று: தொடர்ந்து மூன்று முறை உள்ளே வராதவர் உரிமையை நிரந்தரமாக இழப்பார்.

வசுமதி படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். மாமியார் ஞானாம்பிகை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, இரண்டு முறை படித்தார். தொலைபேசித் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மூணாவது விதி ரொம்பக் கறாரா இருக்கே, மாப்பிள்ளை."

"விதின்னா அப்படித்தான் அத்தை."

"ம்" என்றார். என்னிடம் இந்த வருடத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம் அந்த மூன்றாவது விதியைப் பற்றியது.

டி.வி. மேல் மாமனாரின் பழைய கைபேசி சார்ஜில் இருந்தது. அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கவனித்தேன், கேட்கவில்லை.

ஜனவரி 17, புதன்

காலை 6.05. உள்ளே போனேன். நேற்று அவளுடைய முறை.

இரும்புமலையை ஆறு துண்டாகக் கழற்றிப் பெட்டியில் போட்டிருக்கிறாள். வசுவாழி உச்சி முதல் உள்ளங்கால் வரை சிவப்பு. ஆறு கவசம், ஆறு தொகுப்பு. ஒன்றோடொன்று பொருந்துவது நிறம் மட்டும். கையுறை சமையல்காரர் தொகுப்பிலிருந்து வந்தது. விளையாட்டின் வருகைப் பதிவேட்டில் நேரம் மாலை 4.31. பதினோரு நிமிடம் ஆடி, மூன்று முறை செத்திருக்கிறாள்.

சிவப்பு என்றால் கோபம். வேறு என்ன?

ஜனவரி 19, வெள்ளி

நேற்று மஞ்சள். தலையில் பூசணிக்காய். மிகைப்படுத்தவில்லை, அறுவடைத் திருவிழாவுக்கு இலவசமாகத் தந்த பூசணிக்காய்த் தலைக்கவசம், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. நேரம் பிற்பகல் 3.02.

பூசணிக்காய் யார் என்று எனக்குப் புரிந்தது. போன வருடம் எடை கூடியது உண்மைதான்.

ஜனவரி 22, திங்கள்

சனிக்கிழமை காலை 10.31. முழுக் கறுப்பு.

நீதிமன்றக் கேன்டீனில் புகைப்படக்காரர் இருதயராஜிடம் கைபேசியில் காட்டினேன். ஒன்பது வருடமாக என்னோடு வேலை செய்பவன், நம்பகமானவன்.

"சிவப்பு, மஞ்சள், கறுப்பு" என்று விரல் விட்டான். "ட்ராஃபிக் சிக்னல் மாதிரில்ல இருக்கு. பச்சை வரலியாண்ணே?"

"இல்லை."

"அப்ப இன்னும் நிக்கச் சொல்றாங்க. வெயிட் பண்ணுங்க."

அவன் மேலப்புதூர் கத்தோலிக்கன். நான் பகுத்தறிவுக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டு நாள்காட்டியில் தேதியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்பா கறுப்பு மையால் அடித்துவிடுவார். நிறங்களைப் பற்றித் திறந்த மனத்தோடு யோசிக்க எங்கள் இருவரையும்விடத் தகுதியான ஆட்கள் அந்தக் கேன்டீனில் இல்லை. இரண்டு டீ குடித்து ஒரு முடிவுக்கு வந்தோம்: கோபம், கேலி, துக்கம்.

பிப்ரவரி 9, வெள்ளி

நான்கு வாரமாகக் குறித்து வருகிறேன். செவ்வாய் சிவப்பு, வியாழன் மஞ்சள், சனி கறுப்பு. ஒரு முறைகூடத் தவறவில்லை. நேரமும் அப்படியே: 4.31, 3.02, 10.31. ஓரிரு நிமிடம்தான் முன்பின்.

வார ஆரம்பத்தில் என்மேல் ஆத்திரம். வியாழனுக்குள் இளகி, கேலி செய்யும் அளவுக்கு வருகிறாள். சனியன்று தனிமை. ஒரு பெண்ணின் மனம் வாராவாரம் இத்தனை ஒழுங்காகச் சுற்றிவரும் என்று நான் நினைத்ததில்லை. பதினாறு வருடம் கூட இருந்து கவனிக்காதது என் தவறு.

சின்ன முரண்: செவ்வாய் மாலை ஐந்து மணி வரை அவளுக்கு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. 4.31க்கு எப்படி ஆடுகிறாள்? ஷிஃப்ட் மாறியிருக்கும். எந்தச் செய்தியையும் இரண்டு மூலங்களில் உறுதி செய்யாமல் நான் எழுதியதில்லை; இருபத்திரண்டு வருடத்தில் ஒரு திருத்தம்கூட வெளியிட வேண்டி வந்ததில்லை. ஆனால் மனைவி எங்கே இருக்கிறாள் என்று மருத்துவமனையில் போய் விசாரிப்பது மரியாதை அல்ல.

பிப்ரவரி 12, திங்கள்

இன்று பதில் சொன்னேன். இரும்புமலையில் ஐந்து போட்டு, தலைக்கு மட்டும் அவளுக்குப் பிடித்த மயில் தலைக்கவசத்தை வைத்துவிட்டு வெளியே வந்தேன். பாதுகாப்பு பாதியாகிவிட்டது. பரவாயில்லை. என் ஒன்பது வருடக் கொள்கையை விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரியும்.

பிப்ரவரி 14, புதன்

மயிலைக் கழற்றி எறிந்துவிட்டாள். சிவப்பு.

பிப்ரவரி 23, வெள்ளி

தோளுக்குத் தாமரை வைத்தேன். கழற்றிவிட்டாள். மஞ்சள், பூசணிக்காய்.

மார்ச் 11, திங்கள்

வாஷிங் மெஷின் பழுது. அதை எனக்குத் தந்தது பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். சட்டைகளைக் கையால் துவைத்தேன், ஒன்று நீலமாகிவிட்டது.

ஏழரணில் எங்கள் குழுத் தலைவன் கோலாலம்பூரில் இருக்கிறான், லாரி கம்பெனிக்காரன். அரட்டைப் பெட்டியில் எழுதியிருந்தான்: "அண்ணே, உங்க ஆளு ஒரு நாளு இரும்புக்கோட்டை மாதிரி வருது, மறுநாளு கோயில் திருவிழா மாதிரி வருது. டிராகன் அடிக்கிறப்ப எந்த ஆளு வரும்னு சொல்லிட்டீங்கன்னா நாங்க கொஞ்சம் தள்ளி நிப்போம்."

குடும்ப விவகாரம் என்று பதில் போட்டேன்.

ஏப்ரல் 20, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

தேர்தல். திங்கள் முழுக்கப் பிரசாரத்தின் பின்னால் ஓட்டம், உள்ளே போகவில்லை. புதன் பிரசாரத்தின் கடைசி நாள், போகவில்லை. நேற்று வெள்ளி, வாக்குப்பதிவு. காலை ஆறுக்கே கிளம்பி, மணப்பாறை வரை பதினேழு வாக்குச்சாவடி. மாலை வெயில் தாழ்ந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தபோதுதான் மூன்றாவது விதி ஞாபகம் வந்தது. மடிக்கணினி வீட்டில், வீடு சேர நள்ளிரவு தாண்டிவிடும். வேறு எதிலும் ஆட முடியாது. டீயைக் குடித்து முடித்தேன். வசுவாழி போய்விட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன். என்னைத் தவிர வேறு யார் மீதும் குறை சொல்ல வழியில்லாத செய்தி, அப்படிப்பட்டவை அபூர்வம்.

இன்று காலை பதிவேட்டைப் பார்த்தேன். வெள்ளி, பகல் 12.02, வருகை பதிவாகியிருக்கிறது.

என் நாளில், எனக்குப் பதிலாக, உள்ளே வந்திருக்கிறாள். என் உரிமை போகாமல் காப்பாற்றியிருக்கிறாள். வசுவாழி முழு வெள்ளையில் நிற்கிறாள். ஆறும் வெள்ளை. இடுப்பில் மட்டும் பேக்கரிக்காரர் ஏப்ரன்.

வெள்ளைக்கொடிக்கு இருதயராஜின் விளக்கம்கூடத் தேவையில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

நன்றி சொல்லப் போன் செய்யலாமா என்று யோசித்தேன். வேண்டாம். கவசத்தில் பேசுகிறவளிடம் கவசத்தில்தான் பேச வேண்டும். முழு வெள்ளை போட்டுவிட்டு வந்தேன். ஏப்ரன் உட்பட.

மே 6, திங்கள்

கோடை விடுமுறை, நீதிமன்றம் இல்லை. கேன்டீனும் இல்லை. இருதயராஜும் நானும் கன்டோன்மென்ட்டில் கரும்புச்சாறு குடித்தோம்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. அண்ணி எதுக்குப் போனாங்க?"

"கருத்து வேறுபாடு."

"அது மனுவுல. நெஜத்துல?"

சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன், உண்மைகளை மட்டும்.

மாமனார் இறந்த பிறகும் அவருடைய கைபேசி எண் உயிரோடு இருந்தது. வசுமதி மதிய இடைவேளையில் அந்த எண்ணைக் கூப்பிடுவாள். மணி அடித்து ஓயும். அதற்குப் பிறகு டிபன் பாக்ஸைத் திறப்பாள். இதை ஒரு முறை என்னிடம் சொன்னாள். போன அக்டோபர் 22 இதழில் ஏழாம் பக்கத்தில் கொஞ்சம் இடம் விழுந்தது. நூற்றிருபது வார்த்தையில் கட்டம் கட்டி ஒரு பெட்டிச் செய்தி எழுதிக்கொடுத்தேன். பெயர் போடவில்லை. "உறையூரைப் பூர்வீகமாகக் கொண்ட மருத்துவமனை ஊழியர்" என்று மட்டும்; ஊர் இல்லாமல் செய்தி நிற்காது. மகளே மாதாமாதம் ரீசார்ஜ் செய்து எண்ணைக் காப்பாற்றி வருகிறார் என்றும் எழுதினேன். அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் யாராவது செய்யத்தானே வேண்டும். தலைப்பு: 'மேலோகத்துக்கு ஒரு மிஸ்டு கால்'. அது துணை ஆசிரியர் வைத்தது என்று அவளிடம் சொன்னேன்.

பரிசோதனைக் கூடத்து அறிவிப்புப் பலகையில் யாரோ அதை வெட்டி ஒட்டியிருந்தார்களாம். நன்றாக இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

ஜூன் 5, புதன்

தேர்தல் முடிவு வந்துவிட்டது. தூங்கினேன்.

ஜூன் 28, வெள்ளி

நேற்று மஞ்சள். இருபத்து நான்கு வாரமாகப் பூசணிக்காய். முதலில் கேலியாகத் தெரிந்தது. இப்போது அது இல்லாமல் வியாழன் விடியாது போலிருக்கிறது. மஞ்சள் மங்கலம் என்று நிருபர் அறையில் ஒரு பெண் சொன்னாள். இத்தனை நாளும் நான் அதைத் தவறாகப் படித்திருக்கிறேன்.

முடிவு செய்துவிட்டேன். பத்தாம் தேதி "எனக்குச் சம்மதமில்லை" என்பேன். ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் பேசியவளை எதற்காக விடுவது?

ஜூலை 9, செவ்வாய்

நாளைக்கு மஞ்சள் சட்டை வாங்கினேன். கடைக்காரர் "கல்யாணமா சார்?" என்றார்.

ஜூலை 10, புதன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

10.50. நீதிமன்றத் தாழ்வாரம். வசுமதி மறுகோடியில், அவளுடைய வழக்கறிஞரோடு தாள்களைச் சரிபார்த்துக்கொண்டு நின்றாள். சாம்பல் நிறச் சுடிதார். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். சட்டையைப் பார்த்ததாகத் தெரியவில்லை. மாமியார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் சட்டையைப் பார்த்தார். ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, புதன்கிழமையும் அதுவுமா மஞ்சள்ல வந்திருக்கீங்க? பச்சை போடக்கூடாதா?"

"புதனுக்கு எதுக்கு அத்தை பச்சை?"

"பின்னே? புதனுக்குப் பச்சை, குருவுக்கு மஞ்சள். வியாழக்கிழமை போட்டிருந்தீங்கன்னா எடுப்பா இருந்திருக்கும்."

இருபத்திரண்டு வருட அனுபவத்தில், ஒரு செய்தி மடியில் விழும்போது குரலை ஏற்றக்கூடாது என்று கற்றிருக்கிறேன்.

"செவ்வாய்க்கு?"

"சிவப்பு."

"சனிக்கு?"

"கறுப்பு. எள்ளு விளக்கு. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளை..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். கைப்பையின் ஜிப்பை மூடினார், திறந்தார்.

"அத்தை. 4.31 எதுக்கு?"

"மூணுலேருந்து நாலரை ராகு காலம். அதுல எப்படி ஆரம்பிக்கிறது? உங்க பேப்பர்லயே தெனமும் ரெண்டாம் பக்கம் போடுறீங்களே, நீங்க பாக்குறதில்லையா?"

பார்த்ததில்லை.

"பூசணிக்காய்?"

"மஞ்சள்ல தலைக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

பிறகு அவராகவே சொன்னார், வசுமதி இருந்த பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு. ஜனவரியில் கையெழுத்துப் போட்ட அன்றே அவள், "எனக்கு வேணாம்மா. மூணு தடவை போகலைன்னா தானா அவருக்குப் போயிடும், விடு" என்று சொல்லிவிட்டாள். இவருக்கு மனசு கேட்கவில்லை. கடவுச்சொல் மடிக்கணினியிலேயே இருந்தது. மகள் வேலைக்குப் போன பிறகு, நியூஸ் பார்க்கிறேன் என்று சொல்லி, உட்கார்ந்துவிட்டார்.

"அவ உரிமை போகக்கூடாதேன்னுதான் உள்ள போனேன். அப்புறம்..." என்று இழுத்தார். "அந்தக் கரடி ஒண்ணு இருக்கே, பாலத்துக்கிட்ட. அதை எப்படி மாப்பிள்ளை தாண்டுறது?"

"இரும்புமலை ஆறும் போட்டாத்தான் தாண்டலாம்."

"அது ஒரே சாணிக் கலர்."

"எலெக்‌ஷன் அன்னைக்கு என் நாள்ல வந்தது?"

"உங்களுக்குச் சோறு திங்கவே நேரமிருந்திருக்காது. ரெண்டு தடவை வேற விட்டிருந்தீங்க. நாந்தான் மூணாவது விதி கறாரா இருக்குன்னு அன்னைக்கே சொன்னேனே."

11.30. தாழ்வாரத்தில் கூட்டம் குறைந்தது. அத்தை பேசினார், என்னைப் பார்க்காமல், எதிர்ச் சுவரில் இருந்த அறிவிப்பைப் பார்த்து.

"நீங்க எழுதினீங்களே, கட்டம் கட்டி. அதுல ஒரு தப்பு இருக்கு."

"பெயர் போடலை அத்தை."

"பேரு இல்ல. ரீசார்ஜ் பண்றது அவ இல்ல, நான். அவ ஒரு மணி பத்துக்குக் கூப்பிடுவா. போன் டி.வி. மேல இருக்கும். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ, அடிக்கிற மணியை எடுக்காம இருக்கிறது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. எடுத்துட்டா அவ அப்புறம் கூப்பிட மாட்டா. அதனால உக்காந்திருப்பேன். நான் வீட்டுல இல்லைன்னு அவளுக்கு நெனப்பு. அந்நேரம் கோயில்ல இருப்பேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

குறிப்பேடு என் கையில் திறந்திருந்தது. மூடினேன்.

"உங்க பேப்பர் வந்தப்புறம் மூணு வாரம் மணி அடிக்கலை" என்றார்.

11.45. அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, "பன்னெண்டுக்குள்ள கூப்பிட்டாத் தேவலை, அப்புறம் ராகு காலம்" என்றார். 11.52க்குக் கூப்பிட்டார்கள்.

நீதிபதி வசுமதியைக் கேட்டார். சம்மதம் என்றாள். என்னைக் கேட்டார். நான் தயாரித்து வைத்திருந்தது நான்கு வாக்கியம். அதில் மூன்று, கவசங்களைப் பற்றியது. அவளைப் பார்த்தேன். ஆறு மாதத்தில் முதல் முறையாக, எதற்கும் அர்த்தம் தேடாமல் பார்த்தேன். களைத்திருந்தாள். வீட்டுக்குப் போக வேண்டும் என்றிருந்தாள். அவ்வளவுதான்.

சம்மதம் என்றேன்.

படிக்கட்டில் நின்று கேட்டாள். "மாட்டேன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"ரெண்டாவது மூலம் உறுதிப்படுத்தலை."

சிரித்தாள். ஒரு நொடிக்கும் குறைவு, என் கணிப்பு.

"அந்தப் பொம்மை உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். "நான் எப்பவோ விட்டுட்டேன்."

"தெரியும்" என்றேன். யார் சொன்னார்கள் என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் மாமியார் கைப்பை ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தார். மூலத்தை நான் காட்டிக்கொடுப்பதில்லை. பதிவேட்டிலிருந்து ஊகித்தேன் என்றேன்.

தலைப்பு வைத்தது துணை ஆசிரியர் அல்ல, நான்தான் என்றும் சொன்னேன்.

"அது அன்னைக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். அத்தை பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

ஜூலை 11, வியாழன்

திருத்தம்: கடந்த அக்டோபர் 22 இதழின் ஏழாம் பக்கத்தில் வெளியான பெட்டிச் செய்தியில், மறைந்தவரின் கைபேசி எண்ணுக்கு ரீசார்ஜ் செய்பவர் மகள் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அது தவறு. அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை யாரும் எடுப்பதில்லை என்பது சரி. யாரும் கேட்பதில்லை என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது தவறு. செய்தியே வெளியாகியிருக்கக்கூடாது. தவறுக்கு வருந்துகிறேன்.

அச்சுக்கு அல்ல.

ஜூலை 13, சனி

10.31. கறுப்பு.

ஜூலை 15, திங்கள்

அத்தைக்குப் போன் செய்தேன், வசுமதி வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து. ஒரு மணி பத்தைத் தவிர்த்து. இனி "அத்தை" என்று கூப்பிடச் சட்டத்தில் இடமில்லை என்றேன். "சட்டத்தை நீங்க வச்சுக்குங்க, செவ்வாய், வியாழன், சனி எனக்கு" என்றார். மூன்றாவது விதியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

ஜூலை 17, புதன்

காலை 6.10. உள்ளே போனேன். நேற்று, 4.31, சிவப்பு. கரடியிடம் ஐந்து முறை செத்திருக்கிறார்.

இரும்புமலை ஆறையும் எடுத்து மாட்டினேன். பிறகு பெட்டியில் பச்சையாக என்ன இருக்கிறது என்று தேடினேன். தவளை வேட்டைக்காரர் தொகுப்பில் ஒரு ஜோடிக் காலணி கிடைத்தது. இரும்புக் கால்கவசத்தை மட்டும் கழற்றி அதைப் போட்டேன். பாதுகாப்பு பாதியாயிற்று. பாலத்துக்குப் போனேன்.

6.24க்குக் கரடி அடித்தது.

அழகாகத்தான் செத்தாள்.